ஊடு, ஒரு வகை

"வாழவந்தி வளைவில் எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட இடத்தில் ஒரு வீடு நிற்கிறது. இன்று முதல் தடை நாட்கள் கணக்கில் கொள்ளப்பட வேண்டும்." கார்த்திகை மாதத்து முதல் செவ்வாய்க்கிழமைத் தேதியிட்டுச் சாலை ஒப்பந்த நிறுவனம் அனுப்பிய கடிதத்தின் தொடக்கம் இது. ஏற்காட்டில் எங்கள் அலுவலக முத்திரை அதில் விழுந்தது வியாழக்கிழமை. அந்த இரண்டு நாள் வித்தியாசத்துக்காகவே பின்னால் சண்டை வரக்கூடும் என்பதால் இரண்டு கிழமைகளையும் தனியே குறித்துவைத்தேன்.

மலைச் சாலைகளையும் அடிவாரத்துச் சாலைகளையும் ஒரே ஒப்பந்தமாகச் சேர்த்து ஒரு தனியார் நிறுவனத்திடம் கொடுத்திருந்தார்கள். அகலப்படுத்துவதும் பல ஆண்டுகள் பராமரிப்பதும் நிறுவனத்தின் வேலை. அரசு தவணை தவணையாகப் பணம் கொடுக்கும். இரு தரப்புக்கும் நடுவில் ஒரு மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகம். அங்கே ஒப்பந்த ஆவணங்களையும் கடிதங்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் யாருக்கு எப்போது என்ன எழுதினார் என்பதை எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு முன்பே உண்டு. அதற்குச் சம்பளமும் கிடைத்தது அப்போதுதான்.

அந்த வளைவைத் தடையில்லாத இடம் என்று சொல்லி அரசுத் தரப்பு எப்போதோ கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டது. அந்த இடத்தில் இருப்பவற்றைப் பட்டியலிடும் ஒப்பந்த இணைப்பை எடுத்துப் பார்த்தேன். பலா, சில்வர் ஓக், காபி, மிளகு. கடைசியில் ஆங்கிலத்தில் "ஊடுபயிர், ஒரு வகை". வீடு என்று எதுவுமில்லை. எழுந்து ஜன்னல்வரை போனேன். மூட்டத்தில் எதிர்க்கடை தெரியவில்லை. திரும்பி வந்து மறுபடி படித்தேன். மற்ற பயிர்களுக்கெல்லாம் பெயர் இருக்க, இதற்கு மட்டும் ஏன் இல்லை?

களத்தில் அளந்தவரின் கையெழுத்துப் பிரதியைத் தேடி எடுத்ததும் விளங்கியது. அளந்தவர் சேலத்துக்காரர். பேசுகிறபடியே "ஊடு - 1" என்று எழுதியிருந்தார். அதை ஆங்கிலமாக்கியவர் பெங்களூரில் பிறந்து வளர்ந்து, தமிழைப் புத்தகத்தில் படித்தவர். ஊடு என்றால் இடையில் என்று அவருக்குத் தெரியும். காபிக்கும் மிளகுக்கும் அடுத்து வந்ததால் ஊடுபயிராக்கிவிட்டார். சென்னையில் யாரிடம் கொடுத்திருந்தாலும் சிரித்துக்கொண்டே வீடு என்று எழுதியிருப்பார்கள். வானிலிருந்து எடுத்த படத்தைச் சரிபார்த்தவர்களுக்கும் மரங்கள்தான் தெரிந்தன.

வீடு என்று ஏறியிருந்தால் நோட்டீஸ், இழப்பீடு, மாற்று இடம் எல்லாம் முடிந்த பிறகே அதைத் தொட முடியும். பயிர் என்றால் பொக்லைன் நேராகப் போகலாம்.

மறுநாள் காலை பஸ்ஸில் போனேன். பஸ் அந்த வளைவில் ஒருமுறை பின்வாங்கித்தான் திரும்பியது. மேட்டுப் பக்கம் பலா மரத்தடியில் தகரக் கூரை போட்ட வீடு. சுவரில் சிவப்புப் பெயின்டில் அளவைக் குறி. ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா காபிப் பழம் பறிக்கப் போகத் தயாராகக் கூடையோடு நின்றார். எஸ்டேட்டில் கூலிவேலை, இந்த வீடும் அதைச் சுற்றியுள்ள காபியும் அவருடையவை. நான் யாரென்று சொன்னதும் கூடையைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க சார், என்ர ஊட்டப் பயிருன்னு எழுதி வெச்சிருக்காங்களாமா? மெசின் ஓட்டறவரு சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாருங்க."

"எழுதினதுல தப்பு நடந்துபோச்சும்மா."

"அது செரிங்க. அறுப்பு எப்பன்னு போட்டிருக்குதுங்களா?"

சிரிக்கப் போனேன். அவர் சிரிக்கவில்லை.

"மக பிரசவத்துக்கு வாராளுங்க, தை மாசம். ஊடு இருக்குதா இல்லையான்னு அதுக்குள்ள சொல்லிப்போடுங்க. நொம்ப இழுக்காதீங்க சாமி."

எனக்கு அவரைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். இருந்தும் சின்னப் பையனைக் கெஞ்சுவதுபோல் சாமி என்றார். பஸ்ஸுக்கு நின்றேன். பஸ் வரும் நேரம் தெரிந்தும் அடிக்கடி சாலைக்குப் போய்ப் பார்த்தேன்.

அடுத்த வாரம் கூட்டம். நிறுவனத்தின் ஒப்பந்த மேலாளர் மேசைமேல் அந்த வான்படத்தை விரித்தார். ஈரோட்டுப் பக்கத்துக்காரர், பேச்சில் கெட்டிக்காரர்.

"மரத்துக்கு நடுவுல வட்டமா தெரியுது பாருங்க சார், டிஷ்ஷு. பலா மரத்துல டிஷ் காய்க்குமுங்களா?"

அரசுத் தரப்பு அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "டெண்டர் போடறதுக்கு முன்னாடி இடத்தை நேர்ல பார்த்துத் திருப்தியாயிட்டோம்னு கையெழுத்துப் போட்டீங்களே, அப்ப இந்த டிஷ் கண்ணுல படலையா?"

"அன்னைக்கு மூட்டமுங்க சார்."

எல்லோரும் சிரித்தோம். அதிகாரி சிரித்து முடித்துச் சொன்னார்: "இடத்தைக் கொடுத்தப்புறம் கட்டின வீடா இருக்கலாம். அப்படின்னா ஆக்கிரமிப்பு. காலி பண்ண வேண்டியது உங்க பொறுப்பு."

என்னால் உட்கார முடியவில்லை. களத்தில் எழுதிய 'ஊடு' கணக்கில் வராது, கையெழுத்தான இணைப்புதான் செல்லும். வீடு என்று ஒப்புக்கொண்டால், வேலையை முடிக்க அரசு நிறுவனத்துக்குக் கூடுதல் நாட்கள் கொடுக்க வேண்டும். அதனால் அதிகாரிக்கு அது பயிராகவே இருக்க வேண்டும். மேலாளருக்கு நாட்கள் வேண்டும். அதனால் அவருக்கு அது வீடு. அந்த அம்மாவின் பக்கம் நின்றவர் அந்த அறையில் மேலாளர் ஒருவர்தான்.

அதுவும் நீடிக்கவில்லை. சில நாள் கழித்து மேலாளர் என் மேசைக்கு வந்து ஓர் உறையை வைத்தார். வாழவந்திக் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறார்களாம். மழைக்காக நாள் நீட்டிப்புத் தர அரசுத் தரப்பு சம்மதித்துவிட்டது.

"அப்ப அந்த வீடு?" என்றேன்.

"நமக்கு வேண்டியது நாளுங்க சார். ஊட்டுக்குன்னு குடுத்தா என்ன, மழைக்குன்னு குடுத்தா என்ன?"

"மெசின் எப்ப போகுது?"

"திங்கக்கெழமை."

உறையில் முத்திரை போடவில்லை. வெளியே போய் ஏரிக்கரைவரை நடந்து திரும்பி வந்து ஒரு குறிப்பு எழுதினேன். தடை இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தவர், அது எப்படி விலகியது என்று காட்டாமல் கடிதத்தைத் திரும்பப் பெற முடியாது. மூன்று தரப்பும் சேர்ந்து பார்க்கும் கூட்டு ஆய்வு முடியும்வரை அந்த வளைவில் வேலை கூடாது. ஒப்பந்தத்தில் அதற்கு இடமிருந்தது. என் மேலதிகாரி இரண்டு முறை படித்துவிட்டு, "உங்களுக்கு ஏன்யா இந்த அரிப்பு?" என்றார். கையெழுத்தும் போட்டார்.

ஆய்வு நாளன்று நல்ல மழை. அதிகாரி, மேலாளர், நான் மூவரும் ஜீப்பிலிருந்து இறங்கிய வேகத்தில் தகரக் கூரைக்குள் ஓடினோம். அந்த அம்மா வரக்காபி கொடுத்தார். கூரைமேல் மழை அடித்த சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"எத்தனை வருசமா இருக்கீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"கண்ணாலம் ஆன நாளா இங்கதானுங்க. நடவு என்ர மாமனாரு காலத்துதுங்க."

மேலாளர் காபியைத் துப்பாமல் இருக்கப் பாடுபட்டார். அதிகாரியும் சிரித்துவிட்டார். ஆனால் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. மழை விட்டதும் சாலைக்கு இறங்கிப் பள்ளத்துப் பக்கம் எட்டிப் பார்த்தார். மேட்டை வெட்டாமல், பள்ளத்துப் பக்கம் தடுப்புச் சுவர் எழுப்பி அகலப்படுத்தலாம் என்றார். செலவு கூடும் என்று மேலாளர் முனகினார். மழை நாட்களை அதிகாரி நினைவூட்டியதும் முனகல் நின்றது. ஆய்வுக் குறிப்பில் காரணம் "மேட்டுச் சரிவில் மண் இளகும் அபாயம்" என்று பதிவானது. வீடு என்ற சொல் எங்கும் வரவில்லை.

ஜீப்பில் ஏறும்போது கேட்டேன்: "இணைப்பையும் திருத்திடலாமா சார்?"

"வீடு தப்பிச்சுது இல்ல? பேப்பரை எதுக்குக் கிளறறீங்க?"

எனக்கு நிம்மதி வரவில்லை. சாலை எல்லை பழைய வரைபடத்தில் அப்படியேதான் இருந்தது. பராமரிப்புக் காலம் நீண்டது, ஆட்கள் மாறுவார்கள். நாளை வேறொரு மேலாளர் இணைப்பைத் திறந்தால், எல்லைக்குள் கணக்கில் இல்லாத ஒரு வீடு நிற்கும். எப்போது வந்தது என்று அந்த அம்மாவைத்தான் கேட்பார்கள். அந்த வாரமே திருத்த வரைவைத் தயாரித்தேன். நிறுவனம் கையெழுத்திட்டது. எங்கள் அலுவலகமும் கையெழுத்திட்டது. அரசுத் தரப்புக்கு அனுப்பிய அன்றே பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலும் வந்தது. மார்கழி முடிவதற்குள் என்னைச் சமவெளியில் வேறொரு வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

மாசியில் அந்த அம்மா போன் செய்தார். சுவர் எழும்பிவிட்டதாம். பஸ் இப்போது பின்வாங்காமல் ஒரே திருப்பில் போகிறதாம்.

"ஆனா அளக்கறவங்க நேத்து மறுபடி வந்தாங்க சார். ஊட்டச் சுத்திச் சுத்திப் பாத்தாங்க. கேட்டா, பேப்பர்ல இல்லீங்கறாங்க. நீங்க ஏத்திப்போட்டீங்கதானுங்களே?"

அனுப்பிவிட்டேன் என்றேன். ஏறிவிட்டது என்று சொல்ல முடியவில்லை. கேட்டு எழுதிய இரண்டு மின்னஞ்சல்களுக்கும் பதில் இல்லை. அதிகாரியும் மாறிவிட்டதாகக் கேள்வி. திருத்தத்தில் அரசுத் தரப்பின் மூன்றாவது கையெழுத்து விழுந்ததா என்பதை இதை எழுதும்வரை என்னால் சரிபார்க்க முடியவில்லை.