அத்தை வாங்கிய முன்பணம்

பத்திரத்தில் கைநாட்டு வைத்துவிட்டு, கட்டைவிரல் மையை அத்தை தரகரின் பைக் சீட்டிலேயே துடைத்தாள். அவள் இறந்ததும் உடலை எடுத்துப்போய் ஏதோ ஒரு தனியார் மருத்துவக் கல்லூரிக்கு விற்றுக்கொள்ள அவருக்கு உரிமை என்று எழுதிய பத்திரம் அது. எந்தச் சட்டத்திலும் செல்லாது என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். அத்தை கேட்கவில்லை. இரண்டு வருடமாக மழை பொய்த்திருந்தது. அத்தை கூலிக்குப் போகும் தீப்பெட்டி ஆபீஸிலும் வேலை குறைந்துவிட்டது. பிள்ளையும் இல்லாத, புருஷனும் இல்லாத ஒருத்தியை நம்பிக் கோவில்பட்டியில் யார் கடன் கொடுப்பார்? எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். விதை வாங்கவும் உழவு ஓட்டவும் காசு கிடைத்த ஒரே இடம் அந்தத் தரகர்தான்.

எனக்கு அழுகையாக வந்தது. தான் மிளகாய் போடும் கரிசல் காட்டின் ஓரத்தில், மாமாவை அடக்கிய இடத்துக்குப் பக்கத்தில்தான் தன்னையும் வைக்க வேண்டும் என்று அத்தை ஊரறியச் சொல்லியிருந்தாள். அதையும் விற்றுவிட்டாளே என்று நினைத்தேன். அவள் கணக்கு வேறு என்பது, ஐப்பசியில் காய்ச்சலாகப் படுத்தபோதுதான் தெரிந்தது. தரகருக்கு போன் போடச் சொன்னாள்.

"ஏய்யா, கமிஷன் கடை அண்ணாச்சி மிளகா வத்தலுக்கு முன்பணம் குடுத்தா, செடியில பூச்சி விழுந்தா மருந்துக்கும் அவியதான குடுக்காவ? எனக்கு முன்பணம் குடுத்தது நீரு. என் காய்ச்சல யாரு பாக்க?"

வெள்ளாமைக்கு எங்கள் பக்கத்து வழக்கம் அதுதான். மனுஷியை மிளகாய்ச் செடிபோல விலை பேசியவர் அதை எப்படி மறுப்பார்? பஸ் ஸ்டாண்டில் நின்று சத்தம் போட்டுவிடுவாளோ என்ற பயமும் இருந்திருக்கும். பைக்கில் ஏற்றி டாக்டரிடம் கூட்டிப்போனார். அடுத்தது முழங்கால். அப்புறம் பல். கார்த்திகையில் கண்ணில் புரை என்றதும் அவர் அழாத குறைதான்.

"யம்மா, நீங்க நூறு வருசம் இருப்பிய போலயே!"

"பின்ன? நீரு அப்படில்லா பாத்துக்கிடுதீரு" என்றாள் அத்தை. நான் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடிவிட்டேன்.

இந்த வருடமும் அத்தை விதைத்திருக்கிறாள். புரை எடுத்த கண்ணால், வருகிற பஸ்ஸை என்னைவிட முன்னால் அடையாளம் சொல்கிறாள். அவள் காட்டில் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் பத்திரம் எழுதியதை அடுத்து வந்த மாசி மாதம் எனக்கு ஞாபகம் வரும். மழை ஏமாற்றாத வருடம் அது. களம் நிறைய வத்தல் காய்ந்தது. விளாத்திகுளம் கமிஷன் கடையில் எடை போட்டு முடித்ததும், பத்திரத்தோடு வரச் சொல்லியிருந்த தரகரின் கையில் முன்பணத்தை அப்படியே வைத்தாள்.

"அப்போ டாக்டர் செலவு?" என்று அவர் இழுத்தார்.

"யாவாரம்னா நட்டம் வராதாக்கும்?"

சுமை தூக்குகிறவர்கள், கடைக்கார அண்ணாச்சி, எல்லோரும் வேலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரகர் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தார். அத்தை அதை அங்கேயே நாலாகக் கிழித்தாள். வத்தல் மூடைகளின் மேல் கையை வைத்துக்கொண்டு, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"வெளஞ்சது இதுதான்யா. நான் இன்னும் வெளையல."