தீவுக்குப் போகாத அஸ்பசியா

ஆகஸ்ட் மாதம் எங்கள் கிப்செலிப் பேட்டையில் மருந்து வாங்க வேண்டுமென்றால் முதலில் கடைக் கதவுகளைப் படிக்க வேண்டும். ஏதென்ஸ் நகரமே சொந்த ஊருக்கும் தீவுக்கும் கிளம்பிவிடும். ரொட்டிக்கடை, தையற்கடை, பல் டாக்டர் என்று எல்லார் கதவிலும் ஒரே சீட்டு: இருபத்தைந்தாம் தேதி வரை விடுமுறை. மருந்துக்கடைகள் மட்டும் முறை போட்டுத் திறக்கும். இன்றைக்கு யார் முறை என்ற பட்டியல் மூடிய கடைகளின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். நாற்பது வருடம் வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனித்தவள் நான். ஜூலை முடியும்போதே ஒரு சுற்றுப் போய், எங்கே ரொட்டி, எங்கே பால், எந்த டாக்டர் இருப்பார் என்று பார்த்து வைத்துக்கொள்வேன். மற்றவர்கள் பத்து நாளாவது எங்கேயாவது போய்வருவார்கள்; எங்கள் கட்டடத்தில் ஆகஸ்ட் முழுவதையும் இங்கேயே கழிப்பது நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

ஐந்தாம் மாடி அஸ்பசியா எங்கள் பேட்டை சினிமாக் கொட்டகையில் முப்பது வருடம் டிக்கெட் கொடுத்தவள். உள்ளங்கை அகலத் துவாரம் வழியாக ஊரே அவளிடம் பேசியது. கொட்டகை மூடி சூப்பர்மார்க்கெட் வந்த பிறகு, தெருவில் அவளை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த முகத்தைத்தான் தெரியும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரே அண்ணன், அவனும் போய்ச் சேர்ந்தான். வருடாவருடம் ஜூலை கடைசியில் பெட்டியை உருட்டிக்கொண்டு இறங்குவாள். "தீவுக்குப் போறேன், அண்ணன் பையன் கூப்பிட்டிருக்கான்" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்வாள். செப்டம்பரில் வீட்டுக்கு ஒரு போத்தல் தேன் கொண்டுவந்து கொடுப்பாள்.

போன வருடம் ஆகஸ்ட் பதினான்கு. மறுநாள் மாதாவின் திருநாள். இரண்டு பேட்டை தள்ளி அம்பெலோகிப்பியில் ஒரு கிழவருக்குக் கால் புண் கட்டப் போன நான், துணிக்கட்டு வாங்க அங்கே முறைக்குத் திறந்திருந்த மருந்துக்கடையில் நுழைந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண். அந்த வெயிலில் தலையில் துணி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி.

"டாக்டர் சீட்டு இல்லாம இன்சுலின் குடுக்க முடியாதும்மா. உங்க டாக்டருக்குப் போன் போடுங்க" என்றான் கடைக்காரன்.

"போட்டேன். அணைச்சு வெச்சிருக்கார்."

"வழக்கமா எங்க வாங்குவீங்க? தெரிஞ்ச கடைன்னா குடுத்துட்டு சீட்டு அப்புறம் வாங்கிக்குவாங்களே."

"அது... தீவுல."

"இன்சுலின் வாங்கத் தீவுலேருந்து ஏதென்ஸா? ஊரே எதிர்ப்பக்கம் ஓடுதும்மா!"

வரிசை சிரித்தது. குரலை வைத்து எனக்குத் தெரிந்துவிட்டது.

"அஸ்பசியாம்மா" என்றேன். திரும்பினாள். முகத்தில் ரத்தமே இல்லை. தீவைப் பற்றி நான் கேட்கவில்லை. நாக்கை நீட்டச் சொன்னேன். காய்ந்து கிடந்தது.

"எத்தனை நாளா?"

"மூணு நாளா தாகம். ஊசி ஒழுங்காத்தான் போட்டுக்கறேன், கேக்க மாட்டேங்குது."

"மருந்தை எங்க வெச்சீங்க?"

"ஃபிரிட்ஜ்ல. பின்பக்கமா."

"உறைஞ்சுதா?"

"கொஞ்சம். வெளிய வெச்சதும் சரியாப் போச்சு."

"சரியாப் போகாது. ஒரு தடவை உறைஞ்சா அதைக் குப்பைலதான் போடணும்."

கடைக்காரன் விரலில் குத்திப் பார்த்தான். சர்க்கரை முந்நூற்று நாற்பது. சிறுநீரையும் சோதிக்கச் சொன்னேன். ஆபத்தான கீட்டோன் அதில் இன்னும் ஏறவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

"வேணாம். அங்க சொந்தக்காரங்க பேரு கேப்பாங்க."

"சரி, நம்ம தெரு மருந்துக்கடை, தெமிஸ் கடை, ரெண்டரை வரைக்கும் திறந்திருக்கும். உங்க வாசல்லேருந்து இருபது அடி. அவன் குடுப்பான்."

"தெமிஸ்கிட்ட எப்படிப் போவேன்? தீவுக்குப் போறேன்னு அவன்கிட்டதான் முதல்ல சொன்னேன்."

"அதுக்காக இந்த வெயில்ல இவ்வளவு தூரம் நடந்தீங்களா?"

"பஸ்ல நம்ம தெருக்காரங்க இருப்பாங்களே."

திட்ட நேரமில்லை. டாக்சி பிடித்தேன். அவளை எங்கள் தெரு முனையில் வண்டியிலேயே உட்காரவைத்து, கையில் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்துவிட்டுத் தெமிஸ் கடைக்குள் போனேன். நோயாளியைப் பற்றி ஒரு எண்ணைக்கூட மாற்றிச் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு.

"தெமிஸ், அஸ்பசியா தீவுலேருந்து போன் பண்ணினாங்க. இன்சுலின் உறைஞ்சு போச்சாம். ஒரு பெட்டி குடு, கப்பல்ல போறவங்ககிட்ட குடுத்தனுப்பறேன்."

"அங்க மருந்துக்கடை இல்லியா?"

"மூடிட்டு மீன் பிடிக்கப் போயிட்டானாம்."

"குடுத்து வெச்சவன்." பெட்டியை எடுத்து, இரண்டு ஐஸ் பைகளுக்கு நடுவே வைத்து, துணி சுற்றி, அதற்கு மேல் காகிதமும் சுற்றினான். "கப்பல் ஏழு மணி நேரம் ஆகும், வெயில்ல வெக்க வேணாம்னு சொல்லுங்க. ஐஸ் மருந்தைத் தொடக்கூடாது, அதான் துணி. அக்காவை எனக்கும் சேத்து ஒரு முழுக்குப் போடச் சொல்லுங்க. நான் இங்க வெந்துக்கிட்டிருக்கேன்."

"சொல்றேன்."

மூன்று மணிக்குக் கட்டடம் தூங்குகிற நேரம் பார்த்து மேலே போனோம். ஜன்னல் பலகைகள் எல்லாம் அடைத்திருந்தன. டி.வி. சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஃபிரிட்ஜைத் திறந்தேன். மூன்று வாரத்துக்கான சாப்பாடு: அடைத்த தக்காளி, பீன்ஸ், கோழி, எல்லாம் டப்பா டப்பாவாக. கெட்டுப்போகக்கூடாதென்று குளிரை உச்சத்தில் வைத்திருந்தாள். மருந்து உறையாமல் என்ன செய்யும்? குளிரைக் குறைத்து, புதுப் பெட்டியைக் கதவுத் தட்டில் வைத்தேன். வழக்கமான அளவு ஊசி போட்டுக்கொண்டாள். இரண்டு மணிக்கொருதரம் குத்திப் பார்த்தேன். முந்நூற்றுப் பத்து. இருநூற்று அறுபது. ஒன்பது மணிக்கு இருநூறு.

அதற்குள் அவளே சொன்னாள். ஆறு வருடத்துக்கு முன்பு அண்ணன் பையன் தீவு வீட்டை விற்றுவிட்டான். அவன் இருப்பது ஜெர்மனியில். முதல் வருடம் பழக்கத்தில் பெட்டி கட்டி எல்லாரிடமும் விடைபெற்றுவிட்டாள். துறைமுகம் வரை போனபின்தான் இறங்க இடமில்லை என்பது உறைத்ததாம். மதியத் தூக்க நேரத்தில் திரும்பி வந்தாள். அதுவே வழக்கமாயிற்று.

"இங்கதான் இருக்கேன்னு சொன்னா என்ன?"

"பாவம்னு பாப்பாங்க. ஆகஸ்ட்ல போக்கிடம் இல்லாதவங்களை எப்படிப் பாப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். பேச்சை விட்டுவிட்டு அடுத்த ஊசிமுனையை மாட்டினேன்.

செப்டம்பரில் தெமிஸ் கடையில் இரண்டு பேரும் எதிர்ப்பட்டோம். "மருந்து ஜில்லுன்னு வந்துச்சா அக்கா?" என்று கேட்டான். "ஐஸ்கூட உருகல தம்பி" என்றாள், என் பக்கம் பார்க்காமல். எனக்கும் ஒரு போத்தல் தேன் கொடுத்தாள். எல்லாருக்கும் சொன்ன அதே வார்த்தை: அண்ணன் பையன் வீட்டுத் தேன். அதன்பின் குளிர்காலம் முழுக்க லிஃப்டில் வணக்கம் மட்டும்தான். நாங்கள் நெருங்கிவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம்.

இந்த ஜூலை கடைசியில் பெட்டியோடு என் வாசலில் நின்றாள். பக்கத்து வீட்டுக்காரி காதில் விழும்படி, "துளசிக்குத் தண்ணி ஊத்தணும், சாவி வெச்சுக்கோங்க" என்றாள். எழுபத்தாறு வயதில் முதல்முறையாக அவள் சாவி வேறொருத்தி கையில்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று மணிக்குப் போகிறேன். ரொட்டியும் பாலும் கொண்டுபோகிறேன், ஃபிரிட்ஜ் குளிரைப் பார்க்கிறேன், சர்க்கரை பார்க்கிறேன். அதிகம் பேசுவதில்லை. ஐந்து மணிக்குக் கட்டடம் விழிப்பதற்குள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிவிட வேண்டும். செப்டம்பருக்கான பன்னிரண்டு தேன் போத்தல்களை இந்த முறை நான்தான் சந்தையில் வாங்கிக்கொண்டு போனேன். அவள் தொட்டியில் வெந்நீர் நிரப்பி, ஒவ்வொன்றாக ஊறவைத்து, கடைச் சீட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு ஒண்ணு எடுத்து வெக்கட்டுமா?" என்றாள்.

"தீவுலேருந்து வந்தப்புறம் குடுங்க" என்றேன்.