ஃபஸ்னாவின் பெயரில் வெயில்

கூரையில் பன்னிரண்டு சோலார் பனல்கள் ஏறி மூன்று மாதமாகியும் வீட்டோடு ஒட்டிய பதுர்தீனின் மில் பழைய கரண்டிலேயே ஓடிக்கொண்டிருந்தது. புத்தளம் கடலோரத்து வெயில் காலை எட்டு மணிக்கே தகரத்தைக் காய்ச்சும். அதில் ஒரு துளிகூட வீட்டுக்குள் இறங்கவில்லை. மிளகாய் அரைக்க வரும் ஸாஜிதா சும்மா இருப்பாளா?

“என்ன நானா, வெயில எல்லாம் மேல புடிச்சு அடைச்சு வெச்சிருக்கீங்க? எங்களுக்கும் கொஞ்சம் அவிழ்த்து விடுங்களேன்.”

“அது நோம்புல இருக்கு புள்ள” என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அவர் மிளகாய்த் தூள் பட்டதுபோல முகத்தைத் துடைத்துக்கொள்வார்.

கொம்பனிக்காரர்கள் பனலைப் பூட்டி, சுவரில் இன்வேர்ட்டரையும் மாட்டிவிட்டுப் போன பிறகுதான் மீற்றர் யாருடைய பெயரில் என்ற கேள்வி வந்தது. மௌத்தாகிப் பதினொரு வருடமான வாப்பாவின் பெயரில். அதை மாற்றாமல் சோலாரைக் கரண்ட் லைனோடு இணைக்க முடியாது. மாற்ற வதிவிடச் சான்றிதழ் வேண்டும். கிராம சேவகர் வாக்காளர் பட்டியலை இரண்டு தரம் புரட்டினார்.

“உங்கட பேர் இங்க இல்லையே. மன்னார்லதானே கிடக்கு.”

தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, பதினேழு வயதில் மன்னாரிலிருந்து இந்த ஒழுங்கைக்கு வந்தவர் பதுர்தீன். கலியாணம் முடித்தது, பிள்ளை பெற்றது, வாப்பாவை அடக்கியது எல்லாம் இங்கேதான். ஆனால் சண்டை ஓய்ந்த பிறகு, ஊர்க் காணி கைவிட்டுப் போய்விடும் என்ற பயத்தில் ஒழுங்கைச் சனமே பஸ் பிடித்துப் போய் மன்னார் முசலிப் பக்கம் பேரைப் பதிந்துவிட்டு வந்தது. அந்த பஸ்ஸில் அவரும் மனைவி ஹஃபீலாவும் இருந்தார்கள். அதற்குப் பிறகு வோட்டுப் போட மட்டும் போவார்கள்.

“அங்க வெட்டிட்டு வாங்க, இங்க எழுதுறன்” என்றார் கிராம சேவகர். நல்ல மனிதர்தான்.

மன்னாருக்கே திரும்பிப் போய்விட்ட அண்ணன், மூத்த நானா அபூசாலிக்கு அன்றே ஃபோன் எடுத்தார்.

“பேர வெட்டப் போறியா? உனக்கென்ன, வெயில் தலைக்கேறிட்டா? உன்ட பேர் இருக்கிறதாலதான் உன்ட பங்குக் காணிய ஒருத்தரும் தொடல்ல. நாளைக்கு நான் எதைக் காட்டி மறிக்கிற?”

கொம்பனியைக் கேட்டார். பூட்டின சாமானைத் திருப்பி எடுப்பதில்லையாம்.

வழி சொன்னவன் மருமகன் றிம்ஸான். நிக்காஹ் முடிந்து பெண்வீட்டில் குடியிருக்கும் உள்ளூர்ப் பையன். மகள் ஃபஸ்னாவின் பேரும் அவனோடு சேர்ந்து இங்கேயே பதிவாகியிருந்தது. சோற்றைப் பிசைந்தபடி தலையைத் தூக்காமல் சொன்னான்.

“மாமா, நான் கேக்கிறன்னு நினைக்காதீங்க. வீட்ட ஃபஸ்னாட பேருக்கு எழுதினா மீற்றரையும் அவட பேருக்கு மாத்தலாம்.”

வாப்பா இவருக்கு எழுதிவிட்டுப் போன வீடு, மகளுக்கு என்று கலியாணப் பேச்சிலேயே சொன்னதுதான். எப்போது என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. தன் கண் மூடிய பிறகு என்று மனதுக்குள் வைத்திருந்தார்.

“மகள்தானே, வெளியால போட்டுருவாளா?” என்றாள் ஹஃபீலா, மீன் கழுவிக்கொண்டே.

“அவ போடமாட்டா.”

“பிறகென்ன?”

அந்த ஊரில் பேர் இருக்கிறது, வீடில்லை. இந்த ஊரில் வீடிருக்கிறது, பேரில்லை. அந்த வீட்டையும் கழித்துவிட்டால் மிச்சம் என்ன என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தார்.

நொத்தாரிஸ் வீட்டு உறுதிப் பத்திரத்தை எழுதுமுன் ஒன்று கேட்டார்.

“சீவிய உரித்து வைக்கிறதா? வெச்சா, நீங்களும் மனுசியும் உயிரோட இருக்கும் வரைக்கும் உங்கள ஒருத்தரும் எழுப்ப ஏலாது.”

பக்கத்துக் கதிரையில் றிம்ஸான் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சம்பந்தி வீடு இரண்டு வேலி தள்ளித்தான். மாமனாருக்கு மருமகனில் நம்பிக்கை இல்லையாம் என்ற கதை அஸர் தொழுகைக்குள் பள்ளிவாசல் வரை போய்விடும். வையுங்கள் என்று சொல்லத்தான் பதுர்தீன் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

“வேணாம் சேர். நம்மட பிள்ளைகள்தானே.”

றிம்ஸான் சட்டென்று நிமிர்ந்தான். வெளியே வந்து மோட்டார்சைக்கிளை உதைக்கும்போதுதான் சொன்னான்: “வெச்சிருக்கலாமே மாமா. நான் ஒண்டும் நினைச்சிருக்கமாட்டனே.”

அதற்குள் ஒப்பம் காய்ந்துவிட்டிருந்தது.

ஒரு மாதத்துக்குப் பிறகு புது மீற்றர் பூட்ட இரண்டு பேர் வந்தார்கள். வேலை முடிந்ததும் ஒருவன் கடதாசியை நீட்டினான்.

“வீட்டுக்காரர் ஆர்? இதுல ஒரு ஒப்பம் வேணும்.”

மில்லுக்குள் நின்ற பதுர்தீன் கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். பேனையை வாங்கிக் குனிந்த பிறகுதான் கடதாசியிலிருந்த பேரைக் கண்டார்.

“அவ உள்ளுக்குப் பிள்ளைக்குப் பால் குடுக்கிறா. கொஞ்சம் நில்லுங்க.”

“அப்ப நீங்க ஆர்?”

பதுர்தீன் பேனையைத் திருப்பிக் கொடுத்தார்.

“நானா? நான் மில்லுக்காரன்” என்றார். பிறகு வாசற்படிக்கு வெளியே நின்றபடியே மகளைக் கூப்பிட்டார்.