இன்னும் வெடிக்கல

என் மகன் கார்ட்டூன் ஓடாவிட்டால் வாயைத் திறக்க மாட்டான். கரண்ட் போன ஒரு மத்தியானம் முழுக்க அவன் பட்டினி கிடந்தபோதுதான் என் கணவர் முடிவெடுத்தார்.

"கரண்ட் எடுக்கிற ஊருக்குப் பக்கத்துலயே கரண்ட் இல்லாம இருந்து பாத்துடலாம்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைப் பூட்டிவிட்டு, அவர் வேலை பார்க்கும் நிலக்கரிச் சுரங்கத்தின் ஓரத்தில் இருந்த அவருடைய அப்பா வீட்டுக்குப் போனோம். நிலம் எடுக்கப்பட்ட ஊர் அது. பாதிக்கு மேல் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். போகும்போது வாசக்கால், ஜன்னல், ஓடு எல்லாவற்றையும் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனதால், தெருவில் நின்று பார்த்தால் ஒரு வீட்டின் வழியாக அடுத்த வீடும், அதன் வழியாக அதற்கடுத்த வீடும் தெரியும். எங்கள் தெருவுக்கு மின்கம்பி கிடையாது. டிவி இல்லை, கடிகாரம் இல்லை. அவருடைய போன் பைக் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. பாடம் நானே சொல்லிக்கொடுத்தேன். நான் எம்.எஸ்ஸி. படித்தவள். முடியும் என்று நம்பினேன்.

முதல் மாதம் சண்டை. இரண்டாவது மாதம் மகன் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான். காலி வீடுகளெல்லாம் பிள்ளைகளுடையதாகிவிட்டன. ஒரு வீட்டில் கடை வைத்தார்கள், ஒரு வீட்டில் ஆஸ்பத்திரி. நான் உள்ளூர ரொம்பவும் கர்வப்பட்டேன்.

எங்களுக்கு இருந்த ஒரே மணி சங்குதான். சுரங்கத்தில் வெடி வைப்பதற்கு முன் ஊதும் சைரனை அங்கே சங்கு என்பார்கள். ஊதிக் கொஞ்ச நேரத்தில் தரைக்குள்ளிருந்து ஒரு அடி கேட்கும். அடுக்களைப் பலகையில் சாய்த்து வைத்த தட்டுகள் ஒன்றோடொன்று உரசி ஆடும். மகன் முதலில் மிரண்டு அழுதான். அதனால் ஒரு விதி வைத்தேன். சங்கு ஊதினால் எங்கிருந்தாலும் வீட்டுக்கு வரணும். கால் கழுவி உட்கார்ந்து காதைப் பொத்திக்கணும். தட்டு ஆடி முடிந்ததும் கையை எடுக்கலாம், அதே தட்டில் சோறு. அவனுக்கு அது விளையாட்டாகிப்போனது.

அந்தத் தெருவில் மிச்சமிருந்தது ஆடு வளர்க்கும் ஒரு பெண். என் கணவருக்குத் தங்கை முறை. அவள்தான் முதலில் கவனித்தாள்.

"இன்னா அண்ணி, மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே பள்ளிக்கூடம் வுட்டுடுறீங்களா?"

"ஏன் கேக்கறீங்க?"

"ஒங்க புள்ளைங்க ஓடியாந்துகினு இருக்குதுங்க. அப்பால தான சங்கு ஊதுது!"

பசியாக இருக்கும் என்றேன். பிறகு நானும் பார்க்க ஆரம்பித்தேன். சங்கு ஒரே நேரத்துக்கு ஊதுவதில்லை. சில நாள் வெயில் உச்சிக்கு வருமுன் ஊதும், சில நாள் நிழல் சாய்ந்த பிறகு. எப்போது ஊதினாலும் அதற்குச் சற்று முன்பே இரண்டு பேரும் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். கணவரிடம் சொன்னபோது அவர் சந்தோஷப்பட்டார். "டிவி சத்தம் போச்சுல்ல? காது தெளிஞ்சிருக்கு," என்றார். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

ஆயுத பூஜை அன்று வெடி கிடையாது என்று சொல்லிவிட்டுத்தான் அவர் ஒர்க் ஷாப் பூஜைக்குப் போனார். நான் வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் ஓடிவந்து கால் கழுவி, சுவரோரம் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"இன்னைக்கு லீவுடா. சங்கு கிடையாது."

பொத்திய காதில் விழவில்லை. சைகை காட்டினேன். மகள் இல்லையென்று தலையாட்டினாள்.

"ஊதிடுச்சும்மா. இன்னும் வெடிக்கல."

கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தேன். சோறு போட்டு முன்னால் வைத்தேன். தொடவில்லை. மகனின் கையைப் பிடித்து இழுத்தபோது கடிபட்டவன்போல அலறினான். விட்டதும் அலறல் நின்றது. மறுபடி பொத்திக்கொண்டான். இருவர் முகத்திலும் பயம் இல்லை. பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்களைப்போல இருந்தார்கள். வெளியே அவ்வளவு காலி வீடுகளும் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. ஆடுகூடக் கத்தவில்லை.

பொரியும் கடலையுமாக அவர் வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தார். "வெடிதான வேணும்? இந்தா," என்று கொல்லையில் கிடந்த அம்மிக்கல்லை நெஞ்சளவு தூக்கித் தரையில் போட்டார். திம்மென்றது. மகன் கையை எடுத்துவிட்டுப் பொரிப் பையைப் பார்த்துச் சிரித்தான்.

மகள் அவரைப் பார்க்கவே இல்லை. அவள் பார்த்தது பலகையை. தட்டுகள் ஆடவில்லை.

அப்படியே தூங்கிப்போனாள். தூக்கத்தில்தான் கை நழுவியது. காலையில் எழுந்ததும் கேட்டாள், "வெடிச்சிருச்சாம்மா?"

"வெடிச்சிருச்சு."

"தட்டு ஆடுச்சா?"

இரண்டாவது பொய் வாயில் வரவில்லை. அந்த வாரமே சாமான்களை ஏற்றினோம்.

குவார்ட்டர்ஸில் டிவி பழைய இடத்துக்கே வந்தது. பள்ளியில் சில மாதம் மகள் வகுப்பு நடுவே காதைப் பொத்துகிறாள் என்று புகார் வந்தது. டாக்டர் பார்த்துவிட்டுக் காதில் ஒரு குறையும் இல்லை என்றார். மத்தியானம் ஆனால் நானே டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பேன். எதற்குப் பயந்து ஓடினோமோ அதையே காவலுக்கு வைத்தேன். மெல்ல அந்தப் பழக்கம் நின்றது. இப்போது ப்ளஸ் டூ படிக்கிறாள். எந்நேரமும் காதில் இயர்போன். அறுந்துபோனால் அவள் கேட்பதற்கு முன்னால் நான் வாங்கி வந்துவிடுகிறேன். அவருக்கு அதில் வருத்தம்தான்.

போன மாதம் ஷிப்ட் முடிந்து வந்தவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "சுரங்கம் தோண்டிக்கிட்டே நம்ம பழைய தெருகிட்ட வந்துட்டாங்க."

மறுநாள் மத்தியானம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். சங்கு ஊதியது. எங்கள் பிளாக்குக்குச் சுரங்கத்துச் சங்கு எட்டாது. இதே டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தவள் நான், சின்ன வயதில்கூட இங்கே அதைக் கேட்டதில்லை. ஆனால் நீளமாக, தெளிவாக ஊதியது. எப்போது கத்தியை வைத்தேன், எப்போது காதைப் பொத்தினேன் என்று தெரியவில்லை.

ஹாலில் காலை ஆட்டிக்கொண்டு படுத்திருந்த மகள் திரும்பிப் பார்த்தாள். ஒரு பக்க இயர்போனைப் பிடுங்கிவிட்டு எழுந்து வந்தாள். அவள் வாய் அசைந்தது. "என்னம்மா?" என்றுதான் கேட்டிருப்பாள். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். கை வரவில்லை.

அவள் தோளுக்கு மேலாக ஸ்டாண்டில் அடுக்கியிருந்த எவர்சில்வர் தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை இன்னும் ஆடவில்லை.