பலாமரத்திலிருந்து எத்தனை தப்படி

அந்தக் கணினியை நான் வாங்கவில்லை. கேட்டு எடுத்து வந்தேன். வெள்ளிமலையில் பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. அருவி பார்க்கத் தோழிகளோடு போனவள், அடையாள அட்டைக்கு நகல் எடுக்க அங்கே நுழைந்தேன். மேசைக்கு அடியில், பழைய காலண்டர் அட்டைகளுக்கும் காலி மைப் புட்டிகளுக்கும் நடுவே, மஞ்சளேறிப்போன ஒரு கணினிப் பெட்டி நின்றது. முன்பக்கம் பிளாப்பி போடும் வாய். ஏறத்தாழ நான் பிறந்த காலத்துச் சரக்கு. கடைக்கார அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா பாப்பா, பொண்ணு பாக்க வந்த மாரி பாத்துக்கினு இருக்க?"

பழைய கணினிகளைப் பிரித்துச் சரிசெய்து அந்தக் காலத்தில் ஓடியது போலவே ஓட வைப்பது என் பொழுதுபோக்கு. மற்றபடி சென்னை நிறுவனம் ஒன்றுக்குக் கள்ளக்குறிச்சி வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை. அவரிடம் அதைச் சொன்னேன். எடுத்துக்கோ என்றார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"உள்ள நான் டைப் அடிச்சதெல்லாம் இருக்கு. மலைக்காரங்க மனு, விண்ணப்பம், எல்லாம். இது ஓடி ஏழெட்டு வருசம் ஆச்சு. நீ ஓட வெச்சின்னா அத மட்டும் ஒரு பென்டிரைவ்ல போட்டுக் குடுத்துடு."

"கண்டிப்பா அக்கா" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் பட்டியல் போட்டேன். ஊருக்குக் கிளம்புவதென்றாலும் பட்டியல் போடுபவள் நான். தூசி தட்டுவது, உப்பிப்போன கெப்பாசிட்டர்களை மாற்றுவது, மதர்போர்டுக்குப் புது பேட்டரி, ரேம் அட்டையின் கால்களை அழிரப்பரால் தேய்ப்பது என்று ஆறு வரி. ஏழாவது வரி, அக்காவின் கோப்புகள். எட்டாவது, டிஸ்க்கைச் சுத்தமாக அழித்து விண்டோஸ் 98 புதிதாக ஏற்றுவது.

முதல் ஆறையும் நன்றாகச் செய்தேன். அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் உட்கார்ந்து ஐந்து வாரம். எல்லாம் அசலாகவே இருக்க வேண்டும் என்று பிடிவாதம். புது டிஸ்க் போட்டால் சத்தமே வராது என்பதால் பழைய ஹார்டு டிஸ்க்கையே வைத்துக்கொண்டேன். மின்சாரம் பாய்ந்ததும் அது விட்டுவிட்டு மூன்று முறை முனகும். பிறகு கிர்ரென்று சுற்ற ஆரம்பிக்கும்.

ஏழாவது வரிக்கு வந்த ஞாயிறு, டிஸ்க்கைக் கழற்றி என் மடிக்கணினியோடு இணைத்தேன். நூற்றுக்கணக்கான கோப்புகள். நான்கைத் திறந்தேன். நான்கிலும் தலையில் புள்ளியும் தொப்பியும் வைத்த அயல் எழுத்துகள், பவுண்டுக் குறி, காலிக் கட்டங்கள். கோப்புகள் சிதைந்துவிட்டன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இதை எழுதக் கூசுகிறது. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ் அப்படித்தான் தட்டச்சானது. கடைக்குக் கடை வேறு எழுத்துரு. அது இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் குப்பையாகத்தான் தெரியும். இது எனக்குத் தெரியாததல்ல. எழுத்து உடைந்து வருகிறது என்று அலுவலகத்துக்கு வரும் புகார்களைப் பார்ப்பதே என் வேலை. கோப்பு கெடவில்லை, எழுத்துரு இல்லை, அவ்வளவுதான் என்று எத்தனையோ பேருக்குப் பதில் எழுதியிருக்கிறேன். அக்காவின் எழுத்துரு அதே டிஸ்க்கில் இன்னொரு ஃபோல்டரில் இருந்திருக்கும். தேடியிருந்தால் பத்து நிமிடம். ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் திரையில் விண்டோஸ் 98 தொடங்கும்போது வரும் மேகப் படம் வந்தாக வேண்டும், அதைப் படமெடுத்து எங்கள் பழங்கணினிக் குழுவில் போட்டாக வேண்டும் என்றிருந்தது எனக்கு. ஏழாவது வரியில் டிக் அடித்தேன். டிஸ்க்கில் பழுதான இடங்கள் எவை என்று பார்ப்பதற்காக முழுக்கப் பூஜ்யங்களை எழுதினேன். அதன் பிறகு எந்த மென்பொருளாலும் எதையும் மீட்க முடியாது. அதையும் ஒழுங்காகவே செய்திருந்தேன்.

இருபது நாள் கழித்து அக்கா போன் செய்தார். கரியாலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் பழைய மனுவின் நகல் கேட்டு வந்திருக்கிறார். அவருடைய அப்பா உயிரோடு இருந்தபோது, சரிவில் உள்ள தங்கள் கொல்லை நிலத்துக்கு நான்கு எல்லைகளையும் சொல்லி அக்காவிடம் மனு அடித்திருக்கிறார். வடக்கு எல்லையை ஒட்டித்தான் கோடையிலும் வற்றாத ஊற்று. இப்போது பங்காளி வேலியை நகர்த்தி ஊற்றைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். வீட்டிலிருந்த நகலைக் கரையான் தின்றுவிட்டது. அன்று மனுக்களைத் திரட்டிக்கொண்டு போன தொண்டு நிறுவனம் இன்று இல்லை.

"திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கப் போறாரு. அத மட்டும் எடுத்து வை பாப்பா."

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அந்த டிஸ்க் செத்துப்போச்சு அக்கா. ஓடவே இல்ல. வேற டிஸ்க் போட்டிருக்கேன்."

அவர், "மலை மேல ஈரம் ஜாஸ்தி பாப்பா. ஒரு கோணியாச்சும் போட்டு மூடி வெச்சிருக்கணும் நான். எம்மேலதான் தப்பு" என்றார்.

"பரவால்ல அக்கா" என்றேன்.

பொய்யைவிட அந்தப் 'பரவால்ல'தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. அவரை நான் மன்னித்திருந்தேன்.

திங்கள் காலை அக்காவும் நகல் கேட்டவரும் முதல் பேருந்தில் இறங்கி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மனுவை இங்கேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டு போகலாம், கணினியையும் ஒரு கண் பார்க்கலாம் என்பது அக்காவின் எண்ணம். அந்தப் பெரியவருக்கு அறுபது வயதிருக்கும். அக்கா அவரைப் பெரியப்பா என்று கூப்பிட்டார். அவர் மேசையைச் சுற்றிவந்து பெட்டியைப் பார்த்தார்.

"இத்தினியூண்டு பொட்டியிலயா எங்க கொல்ல இருந்துச்சி?"

"உங்க கொல்ல மட்டுமா? மலையே இருந்துச்சி" என்ற அக்கா என்னிடம் திரும்பினார். "ஓட வுடு பாப்பா, பாக்கறேன்."

மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. பொத்தானை அழுத்தினேன். மூன்று முறை முனகல். பிறகு கிர்ரென்ற சுழற்சி. அக்காவின் கையிலிருந்த டீ டம்ளர் பாதி வழியில் நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு டீயைக் குடித்து முடித்து, வெள்ளைத்தாள் கேட்டார்.

வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். கிழக்கே இரட்டைப் பாறை. தெற்கே ஓடை. மேற்கே கடுக்காய் மரம். வடக்கே என்று பேனாவை நிறுத்தினார்.

"பலாமரத்துலேர்ந்து இத்தினி தப்படின்னு எங்கப்பன் சொன்னாரு" என்றார் பெரியவர். "எத்தினின்னு தெரியல. அன்னிக்கி உன் கடையில கூட்டம். நான் வெளிய டீ குடிச்சிக்கினு இருந்தேன்."

"டீ குடிக்கற நேரமா பெரியப்பா அது?"

"தெரிஞ்சிருந்தா ரெண்டு வாய் கம்மியா குடிச்சிருப்பேன். அடிச்சவ நீதான, உனக்கு ஞாபகம் இல்லியா?"

"கைதான் அடிச்சிது. மனசுல நிக்கல."

வடக்கே என்பதற்கு எதிரே இடம் விட்டுவிட்டு அக்கா தொடர்ந்தார். 'மேற்படி மனுவின் நகல் என் கணினியில் இருந்தது. நான் சரிவரப் பாதுகாக்காத காரணத்தால் ஈரத்தில் பழுதாகி...' ஒவ்வொரு சொல்லாக, வழக்கத்தைவிட மெதுவாகச் சொன்னார். அந்த வரிகளுக்குக் கீழே அக்காதான் கையெழுத்துப் போடப்போகிறார்.

"அக்கா, அத எழுதாதீங்க" என்றேன்.

அப்போதும் நேராகச் சொல்லவில்லை. எழுத்துருவில் ஆரம்பித்தேன். யூனிகோடு எப்போது வந்தது, அதற்கு முன் எப்படி இருந்தது, குறியீடு மாறினால் என்ன ஆகும் என்றெல்லாம் அலுவலகக் கூட்டத்தில் பேசுவது போல் பேசிக்கொண்டே போனேன். பெரியவர் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"சுத்தி வளைக்காத" என்றார் அக்கா. "அழிச்சியா?"

"அழிச்சிட்டேன். இன்னா இருக்குதுன்னு தேடாமயே அழிச்சேன். அப்புறம் உங்ககிட்ட பொய் சொன்னேன்."

"சத்தம் கேட்டப்பவே தெரிஞ்சிபோச்சி. பதினஞ்சி வருசம் அந்த முனகலக் கேட்டுத்தான் கடையில உக்காருவேன். நீயா சொல்றியான்னு பாத்துக்கினு இருந்தேன்."

பெரியவர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "அப்ப, அந்தத் தப்படி?"

"இல்லீங்க. போச்சுங்க."

பஸ் போய்விட்டது என்று யாரோ சொன்னதைக் கேட்டவர் போல அவர் தலையாட்டினார். கோபப்பட்டிருக்கலாம். எனக்கு அது வசதியாக இருந்திருக்கும்.

அக்கா எழுதிய தாளை மடித்துத் தன் பையில் வைத்தார். புதுத் தாளில் எல்லைகளை மறுபடி எழுதி முடித்து, தாளை என் பக்கம் தள்ளினார். "நகல் இல்லாததுக்குக் காரணத்த நீயே எழுது, உன் கையால." நான் பேனாவை எடுத்து ஒன்று என்று எண் போட்டேன்.

"நம்பரு போடாத. யாரு அழிச்சாங்கன்னு எழுது."

எண்ணை அடித்துவிட்டு எழுதினேன். கையெழுத்தும் கைபேசி எண்ணும் போட்டேன். அவர்களோடு போய் வரிசையிலும் நின்றேன். மனுவை வாங்கிய அதிகாரி படித்துக்கொண்டே வந்து, கடைசி வரிகளில் நின்று, "இது யாரு?" என்றார். வகுப்பில் தூக்குவது போலக் கையைத் தூக்கினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். முத்திரை குத்தி ரசீது தந்தார். பெரியவர் ரசீதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்து, அது உள்ளே இருக்கிறதா என்று இரண்டு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பின்னர் நிலத்தை அளக்க வந்தவர்களிடம் பங்காளி ஒரு தப்படிக் கணக்குச் சொன்னார். பெரியவருக்குச் சொல்ல ஒரு கணக்கும் இல்லை. வேலி நின்ற இடத்திலேயே நிற்கிறது. இப்போது பெரியவர் வீட்டார் பங்காளியிடம் கேட்டுவிட்டுத்தான் ஊற்றில் தண்ணீர் மொண்டு வருகிறார்கள் என்று அக்கா போனில் சொன்னார். நான் கேட்டதால் சொன்னார். அந்தப் பேச்சில் என்னை ஒரு முறைகூடப் பாப்பா என்று கூப்பிடவில்லை.

"நான் ஒரு நாள் மேல வரட்டுமா அக்கா? அவரைப் பாக்கணும்."

"வாயேன். வந்து இன்னா பண்ணுவ?"

குத்திக் காட்டுவதற்காக அவர் கேட்கவில்லை. நான் எதையாவது சொல்வேன் என்று மறுமுனையில் காத்திருந்தார்.