என் வேலியில் ஏறிய கார்த்திகைப்பூ

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். நாலு பேருக்கு முன்னால் பேசச் சொன்னால் இன்றைக்கும் அடுக்களைக்குள் போய்விடுவேன். ஆனால் கார்த்திகைப்பூவைப் பற்றிக் கேட்டால் சொல்லுவேன். எங்கள் ஊரில் அதை வீட்டு வளவுக்குள் வளர்த்த முதல் ஆள் நான்தான்.

அது காட்டுப்பூ. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், அப்பாவின் வயலோரப் பற்றைகளில் மாரி காலத்தில் ஏறிப் படரும். கோடையில் கொடி செத்துவிடும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் கிடந்து அடுத்த மழைக்கு எழும்பும். நெல் அறுக்க, வெள்ளாமை வெட்டுக்குப் போன ஒரு வருஷம், காய்ந்த கொடியின் அடியை மண்வெட்டியால் கிண்டி, கிழங்கைத் தோணியில் கொண்டுவந்து நட்டேன். முளைக்கவில்லை. கலப்பை போல வளைந்த கிழங்கு அது; முளை நுனியில்தான் இருக்கிறது. அந்த நுனியை நானே உடைத்திருக்கிறேன். பிறகுதான் விளங்கியது. அடுத்த வருஷம் விரலால் மண்ணை விலக்கி, ஒரு கீறல் படாமல் எடுத்து, வேலியோரம் நட்டேன்.

அதற்குள் எனக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. நாட்டில் யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்திய காலம். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அம்மாவும் அப்பாவும் பக்கத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டிப் போய்விட்டார்கள்.

ஐப்பசி மழைக்கு முளை வந்தது. ஒரு முழம் வளர்ந்ததும் இலையின் நுனி சுருண்டு வேலிக்கம்பைப் பிடித்தது. அன்றைக்கு அடுப்பில் சோறு அடிப்பிடித்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கிழமைதான் என் புருஷனின் தாய், மாமி, வந்தார்.

"என்னகா இது வேலியில?"

"கார்த்திகைப்பூ, மாமி."

"ஐயோ! நஞ்சுக் கிழங்குகா அது! மருமகள் நஞ்சு வளக்கிறாள் எண்டா சனம் என்ன கதைக்கும்? மாமிக்காரி படுத்துற பாடு தாங்காமத்தான் எண்டு சொல்லுவாங்க!"

கிழங்கு நஞ்சு என்பது எனக்கும் தெரியும். தொட்டால் கை கழுவாமல் பாத்திரம் தொடமாட்டேன். அதை நான் சொல்வதற்குள் மாமி மகனைக் கூப்பிட்டார்.

"மனே, மண்வெட்டிய எடு. இதைக் கிண்டி ஆத்துல எறி."

அவர் எடுத்துக்கொண்டு வந்தார். தாய் சொல்லைத் தட்டாத மனிதர். மண்வெட்டி உயர்ந்ததும் நான் குறுக்கே போய் நின்றேன்.

"கிண்ட வேணாம்," என்றேன். பிறகு, "இது என்ட வளவு."

கல்யாணமாகி ஏழு மாதத்தில் அவரைப் பார்த்து நான் சொன்ன மிக நீளமான பேச்சு அதுதான். அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"அவட வளவுதானேம்மா. நான் என்ன செய்யிற? இன்னும் கொஞ்சம் கதைச்சா என்னையும் கிண்டி எறிஞ்சிருவா."

"வாயில்லாத புள்ள எண்டுதானே கட்டிவச்சம்!" மாமி முந்தானையை உதறிக்கொண்டு அன்றைக்கே வண்டியேறினார்.

கார்த்திகை பிறந்து பூத்தது. முதலில் பச்சை, பிறகு மஞ்சள், பிறகு நெருப்புச் சிவப்பு. இதழெல்லாம் மேல்நோக்கி வளைந்து நின்றன. தண்ணிக்குப் போகிற பெண்கள் குடத்தை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று அவர்களைப் பார்த்தேன்.

கார்த்திகை விளக்கீட்டுக்கு மாமியும் வந்தார். வேலிப் படலையடியில் வெகுநேரம் நின்று பூவைப் பார்த்தார். கைகழுவி வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றார். வெற்றிலை போடும்போதுதான் கேட்டார்:

"என்ட மகளுக்கும் ஒரு வளவு குடுத்திருக்கம். அவடத்த மண்ணுக்கு இது வருமாகா?"

"வரும் மாமி. ஆனா வேற ஆள் நடப்படாது, நுனி உடைஞ்சிரும். நான்தான் வந்து நடுவன்."

அடுத்த வெள்ளாமை வெட்டு முடிந்து, கூப்பிடாத வீட்டுக்குப் போகக் கூசுகிற நான், மடியில் கிழங்குப் பெட்டியோடு மாமியின் வண்டியில் முன்னால் ஏறி உட்கார்ந்தேன்.