ஐந்து நாள் மழை

சுகந்தியின் அம்மா அழைத்தபோது நான் பாரிஸிலிருந்து சார்செல்லுக்குப் போகும் ரயிலில் நின்றிருந்தேன். "பிள்ளை, அவள் போயிட்டாள்" என்றார். எங்கே என்று கேட்க வாயெடுத்துவிட்டேன். ஏழு மாதமாக மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தவள் வேறெங்கே போவாள்?

தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் அவளைத் தெரியாதவர்கள் குறைவு. பல்கலைக்கழக வகுப்பு முடிந்ததும் பலசரக்குக் கடையில் நின்று உங்களுக்கு முருங்கைக்காய் நிறுத்துத் தந்தவள்தான். வன்னியிலிருந்து பதினைந்து வயதில் வந்தவள். இங்கேயே பிறந்த என்னைவிட நன்றாகப் பிரெஞ்சு எழுதுவாள். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சலும் உண்டு.

கிரேக்கத் தீவுக்குப் போகலாம் என்றது அவள்தான். மலிவான விமானம், எட்டுப் பேர் படுக்கும் அறை, துறைமுகத்திலிருந்து எந்தப் பஸ் என்பதுவரை எழுதி வைத்திருந்தாள். கையில் காசில்லையே என்றேன். "கடலுக்கு ஆரடி ரிக்கெற் கேக்கிறது?" என்றாள்.

விமான நிலையத்தில் அவளை மறித்துவிட்டார்கள். அகதிப் பயண ஆவணத்தைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தாள். கையில் இருந்தது அதற்குத் தந்த ரெசெப்பிசே என்ற பற்றுச்சீட்டு மட்டும். வங்கியிலும் பரீட்சை மண்டபத்திலும் செல்லுபடியான அந்தத் தாள் விமானத்துக்கும் போதும் என்று இருவருமே நம்பியிருந்தோம். நானும் அவளோடு திரும்பிவிடப் பார்த்தேன். "விசரி, நீ போ. ரெண்டு பேரும் திரும்பிப் போய் ஆரோடை அழுறது?" என்று சொல்லி, பருத்தித்துறை வடையையும் இடிச்ச சம்பல் போத்தலையும் என் பைக்குள் திணித்தாள்.

நான் போனேன்.

ஒவ்வொரு நாளும் அவளை அழைத்துப் பொய் சொன்னேன். "இஞ்சை ஒரே மழையடி. கடல் கலங்கிக் கிடக்குது. நீ வராதது நல்லது."

"அச்சோ, குடை கொண்டு போனனியோ?" என்பாள்.

ஆறாம் நாள் லா சப்பலில் சந்தித்தோம். வெயிலில் என் மூக்குத் தோல் உரிந்திருந்தது. அதைச் சற்று நேரம் பார்த்தாள். "மழையிலை நனைஞ்சு தடிமன் பிடிச்சிருக்கும்" என்று இஞ்சித் தேநீர் வாங்கித் தந்தாள். நன்றாக ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த கோடையில் சேர்ந்து போவதாகப் பேசினோம். பயண ஆவணம் வந்தது. அதற்குள் நோயும் வந்துவிட்டது.

இறுதிச் சடங்கு முடிந்ததும் அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தத் தீவின்ரை காலநிலையை அவள் ஒவ்வொரு நாளும் போனிலை பாத்தவள், பிள்ளை. ஒரே வெயில். 'எனக்காக அவள் அஞ்சு நாளும் மழை பெய்ய வைக்கிறாள் அம்மா, எனக்குத் தெரியுமெண்டு சொல்லிப்போடாதேங்கோ' எண்டவள்."

சுகந்தி, அங்கே ஒரு துளி மழையும் இல்லை. கழுத்தளவு தண்ணீரில் நின்றபோதும் கால்விரல்கள் தெரிந்தன. உன் வடையைக் கரையில் உட்கார்ந்து தனியாகத் தின்றேன். கடல் வடிவாக இருந்ததடி. இதை உன்னிடம் நேரில் சொல்லாமல் விட்டேனே என்றுதான் அழுகிறேன்.

அவளிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது காலியான சம்பல் போத்தலும், அந்த இஞ்சித் தேநீரின் நினைவும். தடிமனே இல்லாத நான் அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். எதிரில் இருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.